கோயிலில் நிற்காத ஜீப்

“தம்பி, கோயில்ல ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுய்யா,” என்று மொக்கம்மாள் ஜீப்பின் தகரத்தைத் தட்டினாள்.

கிறிஸ்டோபர் ஹாரனை அடித்தபடி கோயிலைக் கடந்தான். மலையேறும் வண்டிகள் அடிவாரக் கருப்பசாமியிடம் நின்று திருநீறு வாங்கிக்கொண்டுதான் போகும். இந்த ஜீப்பும் போன மாதம் வரை நின்றது. அப்போது அது பழைய டிரைவர் அழகருடைய வண்டி. “கோயில்ல மட்டும் நிப்பாட்டிருப்பா, மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்,” என்று சொல்லித்தான் அவர் விற்றார். கிறிஸ்டோபர் முன்கண்ணாடியில் ‘கர்த்தர் நடத்துவார்’ என்று சிவப்பில் எழுதி, பாஸ்டரை அழைத்து ஜெபமும் பண்ணிவிட்டான்.

“எழுத்தைப் பாத்தீகளா ஆத்தா? இது கர்த்தர் வண்டி. கருப்பன்கிட்ட உத்தரவு கேக்காது.”

“கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாருய்யா. நிப்பாட்டு.”

நிறுத்தவில்லை.

கூடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இருட்டோடு பன்னிரண்டு பெண்களை ஏற்றி, குமுளிக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டத்தில் எட்டு மணிக்கு இறக்கிவிட வேண்டும். இயேசுவின் சீடர்களைப் போலவே பன்னிரண்டு என்ற கணக்கே அவனுக்குத் தேவசித்தமாகப் பட்டது. இவர்கள் பைபிளைத் திறக்கப் போவதில்லை. தன்னைப் பார்த்துத்தான் இயேசுவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தியாவது ஒருநாள், ‘வேதக்காரன் நல்லவன்’ என்று சொல்லிவிட்டால் போதும்.

ஆனால் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அன்பால் ஜெயிக்கலாம் என்று ஒரு இருபது லிட்டர் தண்ணீர்க் கேனும் எவர்சில்வர் தம்ளரும் வண்டிக்குள் வைத்தான்.

ஒரு வாரமாகியும் கேன் திறக்கப்படவில்லை.

“ஏன் ஆத்தா, வேதக்காரன் தண்ணி தொண்டையில எறங்காதோ?”

“தாகமில்லய்யா.”

“பன்னெண்டு பேருக்குமா?”

கடைசி சீட்டிலிருந்த வேல்விழி குனிந்துகொண்டாள். இருபது வயதுப் பெண்ணுக்குக் கூட இத்தனை வெறுப்பா என்று அவன் மனம் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, “என் தண்ணியைக்கூடத் தொடாம என்னைய உபத்திரவப்படுத்துறாக,” என்று சாட்சி சொன்னான். சபை ஸ்தோத்திரம் சொன்னது. பாஸ்டர் மட்டும், “கொஞ்சம் விட்டுக்குடுத்துத்தேன் பாருங்களேன்,” என்றார்.

விட்டுக்கொடுத்தான். பூசாரி சுருளியாண்டியிடம் பேசி, திருநீற்றுத் தட்டை ஜீப்புக்கே கொண்டுவர ஏற்பாடு செய்தான். மறுநாள் எஞ்சினை அணைக்காமல் கத்தினான்: “யாரும் எறங்க வேணாம்! ஒக்காந்த எடத்துலயே சாமி!”

“எறங்கிக் கும்பிட்டாத்தேன்யா மனசு ஆறும்,” என்றாள் மொக்கம்மாள்.

“மனசு வண்டியிலயே ஆறட்டும். லேட்டானா அங்கன சூப்பர்வைசர் சசிதரன் குதிப்பாரு.”

பூசாரி ஜன்னல் வழியே பன்னிரண்டு நெற்றிகளிலும் பூசிவிட்டார். கிறிஸ்டோபர் கியரைப் போட்டதும் வேல்விழி விசும்பி அழுதாள். ‘அம்புட்டு பக்தி!’ என்று அவனே மலைத்துப்போனான். ஒரு கிறிஸ்தவன் இதற்கு மேலும் இறங்கிப்போக முடியுமா? அப்படியும் திரும்பும்போது ஒருத்திகூட அவன் முகம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு பேரில் ஒருத்தியான பவுனு, தோட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். கிறிஸ்டோபர்தான் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். மொக்கம்மாளும் கூட வந்தாள்.

“கிட்னியில கல்லு இருக்கு. நாள் பூராத் தண்ணியே குடிக்கிறதில்லையா?” என்று டாக்டர் திட்டினார்.

“வண்டியில இருபது லிட்டர் இருக்கு டாக்டர். எம்மேல இருக்கிற வீம்புக்குக் குடிக்கல.”

பவுனு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். மொக்கம்மாள் அவனை வெளியே அழைத்துப் போனாள். “நீ கெட்டவன் இல்லய்யா. ஆனா திங்கக்கெழமையிலருந்து நாங்க வேற ஜீப்புல போயிக்கிறோம்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்கு ஒருநா மட்டும் வாங்க ஆத்தா. நிப்பாட்டுறேன்.”

மறுநாள் விடியலில் கோயில் முன்னால் எஞ்சினை அணைத்தான். ‘கர்த்தாவே, மன்னியும்’ என்று முணுமுணுத்துவிட்டுச் சொன்னான்: “எறங்குங்க. எம்புட்டு நேரம் வேணுமோ கும்பிட்டு வாங்க.”

பதினொரு பெண்களும் குதித்து இறங்கினார்கள். ஓடினார்கள். தட்டோடு வந்த சுருளியாண்டியையும் கருப்பசாமியையும் தாண்டி, கோயிலுக்குப் பின்புறம் போய் மறைந்தார்கள்.

ஒரு கை கூடக் குவியவில்லை.

“என்னய்யா இது? இம்புட்டு மல்லுக்கட்டிட்டு, சாமி கும்பிடாம எங்க ஓடுறாக?”

பூசாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“கும்பிடவா? பின்னால கக்கூஸ் இருக்குப்பா. ஆம்பள டிரைவர்கிட்டப் பொம்பளைக வேற எப்படித்தேன் கேப்பாக?”