மாப்பிள்ளை நிற்கச் சொன்ன பாறை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூவரும் நலம். உன் ரத்த அழுத்தமும் உன் மனைவியின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் மலையில் தொலைந்து போய்விட்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். நான் தொலையவில்லை. மாப்பிள்ளை நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். தொலைந்தது மற்றவர்கள்.

நடந்ததைக் கேள். என் மகளும் மாப்பிள்ளையும் விடுமுறை கிடைத்தால் பாதி வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் என்பது உனக்குத் தெரியும். அவள் கூடாரத்தையும் அடுப்பையும் சுமப்பாள். அவர் கேமராவையும் அதன் முக்காலியையும் வெளிச்சத்தைப் பற்றிய மனக்குறையையும் சுமப்பார். எவ்வளவு பெரிய மலையானாலும் படத்தில் அது கொட்டி வைத்த ஜல்லி மாதிரிதான் தெரியுமாம். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தான் அளவு புரியுமாம். மகளை நிறுத்திப் பார்த்தார். அவள் தொட்டிலிலேயே சும்மா கிடக்காதவள், மூக்கைச் சொறிவாள், கொசுவை அடிப்பாள். நானோ கான்வென்டில் படித்தவள். காலைப் பிரார்த்தனையில் காதில் ஈ புகுந்தாலும் கன்னியாஸ்திரீ தலையசைக்கும் வரை அசையக் கூடாது என்று பழக்கப்பட்டவள். எனவே எனக்கு ஒரு மஞ்சள் மழைக்கோட்டும் ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கிக் கொடுத்து, அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

அன்றைக்கும் அப்படித்தான். என்னை ஒரு பாறையருகே நிறுத்தி, "அத்தை, நான் வந்து சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு எதிர்மேட்டில் ஏறினார். அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கி, என் கைத்தடி முனையே எனக்குத் தெரியாமல் போயிற்று. மேகம் செய்ததற்கு நான் பொறுப்பில்லை. இருவரும் பதறியடித்து இறங்கி வந்தார்கள். ஆனால் வேறொரு பாறைக்குப் போய்விட்டார்கள். ஒரு பாறைக்கும் மறு பாறைக்கும் வித்தியாசம் தெரியாதவர் மலைகளைப் படமெடுக்கிறார், அது அவர் பாடு. அங்கே நான் இல்லாததால், கீழே இறங்கிவிட்டேன் என்று முடிவு கட்டி, அடிவாரத்துச் சோதனைச் சாவடிக்கு ஓடி, காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

காவலர்கள் "பாட்டி, பாட்டிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. பாவம், யாரோ ஒரு வயதான பெண்மணி வழிதவறிவிட்டாள் என்று நினைத்து அவளுக்காக ஒரு ஜெபம்கூடச் சொன்னேன். ஒரு காவலர் என் முன்னாலேயே வந்து நின்று மூச்சு வாங்கினார். "பாட்டி, கூப்பிட்டது காதுல விழலையா?" என்றார். எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது, அதனால் அவர் தேடும் பாட்டி வேறு யாராவதாக இருக்கும் என்று விளக்கினேன். முதுகு நிமிர்ந்து, தலைமுடி கலையாமல், கைப்பையோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பாட்டியைத் தேடி மேலே போய்விட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

மேகம் விலகி மகளும் மாப்பிள்ளையும் என்னைக் கண்டுபிடித்தபோது அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "உயிரே போயிடுச்சும்மா, அப்படியேவா நிப்பே?" என்றாள். "நிக்கச் சொன்னாரு, நின்னேன்" என்றேன். மாப்பிள்ளை என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

அதோடு முடிந்திருக்கும். நீ நுழைந்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், போனிலேயே பஞ்சாயத்து வைத்து, அக்காவை இனிமேல் வாசலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று என் மகளிடம் உத்தரவு போட்டாய். வயதான காலத்தில் ஒரு மூலையில் உட்காராமல் இதெல்லாம் எதற்கு என்று உன் மனைவி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்ததும் என் காதில் விழுந்தது. என் காது நன்றாகக் கேட்கிறது என்பதைக் காவலர் விஷயத்திலேயே சொல்லிவிட்டேன். மாமா பேச்சைத் தட்டக் கூடாது என்று மகள் என் பூட்ஸைப் பரண்மேல் போட்டுவிட்டாள். போன வாரம் என்னை விட்டுவிட்டுப் போய் வந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, உன் அத்தான் போனதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் உட்காருங்க, உட்காருங்க என்றுதான் சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் உட்கார வைக்கிறார்கள், வங்கியில் உட்கார வைக்கிறார்கள், என் சொந்த சமையலறையிலேயே நாற்காலி போடுகிறார்கள். இந்த மாப்பிள்ளை ஒருவர்தான் என்னை நிற்கச் சொன்னார். அதைக் கெடுக்க உனக்கு என்ன உரிமை? நீ தெருமுனைக் கடைக்குப் போகவே ஆட்டோ பிடிக்கிறவன்.

எனவே நீ சொன்னதை வாபஸ் வாங்கி, அக்கா மலைக்குப் போகலாம் என்று என் மகளுக்கு உன் கைப்பட எழுது. அது வரும்வரை நான் இந்த வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்காரப்போவதில்லை. இதையும் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு அவள் கேட்காத என் அன்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் மாப்பிள்ளை வந்து, போன வாரம் எடுத்த படங்களைக் காட்டினார். அத்தனையும் ஜல்லி. "அத்தை, நீங்க இல்லாம மலை மலையாவே தெரியலை" என்றார். மகள் ஏணியை எடுத்துக்கொண்டு பரண்பக்கம் போனாள். நாளைக் காலை கிளம்புகிறோம். இந்தக் கடிதத்தை அடிவாரத்தில்தான் தபாலில் போடுவேன். ஆகவே உன் அனுமதி இனித் தேவையில்லை. பூட்ஸ் போட்டுப் பார்ப்பதற்காக இப்போது உட்கார்ந்தும்விட்டேன். ஆனாலும் நீ செய்தது தவறுதான். மேலே சிக்னல் கிடைக்காது, போன் செய்யாதே. பதிலை எழுத்தில் அனுப்பு.