வாசலுக்கு வெளியே ஏழாவது ஆள்

மில்ஸ்பரி, ஓஹாயோ

காவலர் சகோதரர் சங்கத்தின் மாநிலச் செயலாளரும், என் தங்கை டாரிஸின் கணவருமான மாப்பிள்ளை ரஸ்ஸல் அவர்களுக்கு, மில்ஸ்பரி கிளைத் தலைவரும் ஓய்வுபெற்ற சார்ஜென்டுமான மெல்வின் ஸ்டாக்கர் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். டாரிஸின் முழங்கால் வலி தேவலையா? அவள் அனுப்பிய ஆப்பிள் ஜாம் வந்து சேர்ந்தது. பாட்டில் உடைந்திருந்தாலும் ருசி தெரிந்தது.

மாப்பிள்ளை, எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிளைக்கு மேலே மாநிலச் சங்கம், அதற்கு மேலே தேசியச் சங்கம், அதற்கும் மேலே கடவுள் என்பது நம் ஏற்பாடு. மூவரில் கடவுள்தான் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுகிறார் என்பதால் உங்களுக்கு எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளையில் இப்போது ஏழே பேர். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், பாதிரியார், உள்காவலர், வெளிக்காவலர் என்று பதவியும் ஏழு. எல்லோரும் பதவிக்காரர்கள், நாற்காலி எடுத்துப் போடத் தொண்டன் என்று ஒருவன் இல்லை. இந்த நிலையில் பல வருடங்களுக்குப் பிறகு ஒருத்தி, டெனிஸ் கோவாச் என்ற ரோந்துக் காவலர், சேர வேண்டும் என்று வந்து நின்றாள். நான் அழாத குறை.

அவள் சும்மா வரவில்லை. பூசணித் திருவிழாவுக்கு முதல் நாள், குறுக்கே வந்த சைக்கிள்காரரைக் காப்பாற்ற ரோந்து காரைத் திருப்பியிருக்கிறாள். பிரேக் பிடிக்கவில்லை. அந்தப் பிரேக்கைப் பற்றி அவள் சொல்லாத ஆள் இல்லை, கேட்ட ஆளும் இல்லை. கார் நேராகப் போய், மறுநாள் முதல் பரிசு வாங்க இருந்த மேயரின் பூசணிக்காய்க்குள் புகுந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இதை மறைக்க இந்த மாவட்டத்தில் சோறு கிடையாது. வேலையை விட்டுத் தூக்க விசாரணை. விசாரிப்பவர் யார்? அதே மேயர். சங்க உறுப்பினராக இருந்தால் விசாரணையில் பக்கத்தில் ஒரு சகோதரர் உட்காரலாம், இல்லாவிட்டால் அந்த மேஜைக்கு எதிரே அவள் ஒண்டியாகத்தான் உட்கார வேண்டும்.

சேர்ப்பது என்ன கஷ்டம் என்பீர்கள். நான் பரிந்துரைத்தேன், விண்ணப்பத்தைக் கூட்டத்தில் வாசித்தோம், மூன்று பேர் குழு அவள் வீட்டுக்குப் போய் விசாரித்து, கொலாச்கி என்ற ஜாம் பலகாரத்தைத் தின்றுவிட்டு வந்தது. பாக்கி வாக்கெடுப்புதான். பெட்டிக்குள் வெள்ளைக் கோலிக்குண்டு போட்டால் சம்மதம், கறுப்பு என்றால் இல்லை. பெட்டியை எடுத்து வைத்தேன். விதிப்படி விண்ணப்பித்தவள் வெளியே போனாள். கூட்டம் முடியும்வரை கதவுக்கு வெளியே காவல் நிற்க வேண்டிய வெளிக்காவலர் ஆர்வில், எண்பது வயது, கைத்தடியை ஊன்றி அவளோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். செயலாளர் டட்ச் தலைகளை எண்ணினான்.

"மெல்வின், ஆறு தலைதான் இருக்கு. ஏழு இல்லாம ஓட்டு செல்லாது."

"ஆர்விலை உள்ள கூப்பிடு."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆர்வில் கத்தினார்: "நான் உள்ள வந்தா வெளியில யாருடா காவல்? காவல் இல்லாத கூட்டம் கூட்டமே இல்ல!"

கதவிலிருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குண்டைப் போடச் சொன்னேன். "கை உள்ள இருந்தா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தமா? நீ எப்படிடா சார்ஜென்ட் ஆன?" என்றார். வெளியே நின்ற டெனிஸ் சிரித்துவிட்டாள். "நான் வேணா கண்ணை மூடிட்டு உள்ளயே நிக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். அதற்கும் விதி இடம் தரவில்லை. அவள் சேர்ந்தால்தான் ஆள் சேரும், ஆள் சேர்ந்தால்தான் அவள் சேர முடியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்ற கதை. அடுத்த கூட்டத்திலும் இதே கூத்துதான்.

இது போதாதென்று ஆர்வில் விதிப்புத்தகத்தில் இன்னொன்றைத் தோண்டி எடுத்தார். வாக்கு முடிவு அறிவிக்கும்வரை வெளிக்காவலர் விண்ணப்பித்தவரை விட்டு அகலக்கூடாதாம். முடிவு எங்கே வந்தது? அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் போகிறார். ரோந்து காரில் திருடனை உட்காரவைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து ஊர்வலம் வருகிறார். யாரைப் பிடித்தார்கள் என்று கேட்டு எனக்கு ஓயாமல் போன். மானம் கப்பலேறிவிட்டது, மாப்பிள்ளை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம்மை நம்பி வந்தவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஆகவே காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். கதவுக்கு வெளியே நிற்கும் ஆர்விலையும் ஏழில் ஒருவராகக் கணக்கில் வைக்கலாம் என்று ஒரு வரி அனுமதி அனுப்புங்கள். விசாரணைக்கு முன்னால் வர வேண்டும். நீங்களும் டாரிஸும் பிரேக் பிடிக்கும் கார்களில் நீண்ட நாள் பயணம் செய்ய வாழ்த்தும்,

உங்கள் மச்சான்,
மெல்வின்

பி.கு.: தபால்தலை அகப்படாமல் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. அதற்குள் மேயர் விசாரணையை முன்னால் இழுத்து இன்று காலையே வைத்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், டெனிஸுக்குப் பக்கத்து நாற்காலியில் சங்கப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு ஆர்வில். "இவ உங்க உறுப்பினரே இல்லையே, எந்திரிங்க" என்றார் மேயர். "ஓட்டு இன்னும் முடியலை. முடியற வரைக்கும் இவளை விட்டு நகரக்கூடாதுன்னு எங்க சட்டம். கோர்ட்டுக்கு வேணா போங்க" என்றார் ஆர்வில். நகர வக்கீல் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவர் சொல்றது சரிதான்" என்று முனகினார். மேயர் குரலை உயர்த்தும்போதெல்லாம் ஆர்வில் கைத்தடியால் தரையில் மூன்று முறை தட்டினார். அந்தப் பிரேக்கைப் பற்றி டெனிஸ் முதல் தடவையாகக் கடைசிவரை சொல்லி முடித்தாள். விசாரணை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து அனுமதி கினுமதி எதையும் அனுப்பித் தொலைக்காதீர்கள். அவள் உறுப்பினரானால் வேறொரு சகோதரர் பக்கத்தில் உட்காரலாம்தான், ஆனால் மேயர் எந்திரி என்றால் எங்களில் மற்ற ஆறு பேரும் எழுந்துவிடுவோம். ஓட்டு முடிந்தால் ஆர்வில் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.