கடவுளுக்கு உணர்ச்சி இல்லையென்று ஒரு தீர்மானம்

நூற்றாண்டு நூற்றாண்டாக வேத பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டும் தீராத ஒரு விவகாரத்தை, கேமரன் மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட் சபையின் கமிட்டி, ஒரு தட்டு கறிபாப் பலகாரம் ஆறுவதற்குள் தீர்த்துவைத்தது. கடவுளுக்கு உணர்ச்சி உண்டா? கிடையாது. ஏகமனதாக நிறைவேறியது, கண்ணுகளா. உங்கள் ஊர்ச் சபை இன்னும் இதைக் கையில் எடுக்கவில்லையென்றால் வெட்கப்பட வேண்டியதுதான்.

எல்லாப் பெருமையும் பாஸ்டர் லோகேஸ்வரனுக்கே. ஈப்போவில் 'செமினார்' முடித்து சர்டிபிகேட்டோடு வந்தார். "கடவுள் மாறாதவர். சந்தோஷம், துக்கம், கோபம் எல்லாம் நமக்கு. அவரை எதுவும் அசைக்காது" என்று மைக்கில் முழங்கியபோது சபையே அசையாமல் இருந்தது. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். அதுவும் ஒரு அசையாமைதானே.

அந்த வாரம் பார்த்தா புவனேஸ் சாக வேண்டும்? தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்த பெண். முருகையாவைக் கட்டியபோது சபையில் சேர்ந்தவள். கம்போங் ராஜா ரோட்டில் காய்கறி லோரி அடித்துவிட்டது. அவள் அம்மா வடிவம்மாள், இன்றைக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், கோலா தெர்லாவிலிருந்து நேரே சபைக்கு வந்து இறங்கினாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். சவப்பெட்டியை மூடுமுன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும்.

கமிட்டி அங்கேயே, பெட்டிக்குச் சற்றுத் தள்ளி, அவசரமாகக் கூடியது. கமிட்டிச் செயலாளர் குகனேஸ்வரன், எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, எழுந்து வாசித்தார்: "கடவுள் உணர்ச்சிவசப்படாதவர் ஆகையால், அவர் சந்நிதியில் உரத்த அழுகை அநாவசியம் எனத் தீர்மானிக்கப்படுகிறது."

பாஸ்டர் தாழ்மையோடு விளக்கினார்.

"அம்மா, நீங்க கத்தி அழுறதால அவர் மனசு மாறப் போறதில்ல."

"அவர மாத்தவா அழுறேன், தம்பி? எம்மவளுக்கு அழுறேன்லா."

"அழுதா ஆண்டவர் வருத்தப்படுவாரும்மா."

"இப்பத்தானே எதுவும் படமாட்டாருன்ன?"

கிராணி செருமினார். "பாஸ்டர் அத ஒரு பேச்சுக்குச் சொன்னாரு. மினிட்ஸ்ல வராது."

"எம்மவ சொல்லியிருக்கா. உங்க சாமியே சிநேகிதன் செத்தப்ப அழுதாராமே?"

பாஸ்டர் முகம் மலர்ந்தது. செமினாரில் வந்த கேள்வி! "அது அவரோட மனுச சுபாவத்துல அழுதது. தெய்வ சுபாவத்துல அழல."

"அப்ப அந்த மனுசப் பாதியக் கூப்பிடு. எம் பக்கத்துல வந்து உக்காரட்டும்."

இதற்கான பதிலைக் கடைசி நாள் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். பாஸ்டர் அன்றைக்குப் பம்ளிமாஸ் பழம் வாங்கப் போய்விட்டார்.

வடிவம்மாள் அதற்குமேல் காத்திருக்கவில்லை. பெட்டி ஓரத்தில் கையை வைத்து ஆரம்பித்துவிட்டாள்.

"குளிருல போறியேடி, கம்பளிய விட்டுட்டு... என்ன விட்டுட்டு..."

உணர்ச்சியே இல்லாத கடவுளின் சார்பில் பாஸ்டருக்கு மகா கோபம் வந்தது. முகம் சிவந்து, "போதும்லா! கீபோர்ட சத்தமா வாசி!" என்று கத்தினார். முருகையா எழுந்தான். கிராணி அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். பெட்டியை மூடினார்கள். வடிவம்மாளைக் கமிட்டி ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து, மிக மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தூறல் என்பதால் குடைகூடக் கொடுத்தார்கள். குறை சொல்லக்கூடாது.

அவள் குடையை விரிக்கவில்லை. வாசல் லோங்கான் சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கூடவே உட்கார்ந்தார்கள். ஒரு குரல் பல குரலாகி, மலையில் மோதி, ஜன்னல் வழியே சபைக்குள் வந்தது. கீபோர்டு எம்மாத்திரம்?

குகனேஸ்வரன் எழுந்தார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பாஸ்டர் தலையசைத்தார். பிறகு ஆராதனை ஒழுங்காக நடந்தது. முருகையாகூட ஒழுங்காகவே இருந்தான், பெட்டியைப் பார்த்தபடி.

எங்கள் கமிட்டிக்கு விசுவாசம் இல்லையென்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், கண்ணுகளா. அந்த அழுகை காதில் விழுந்தால் கடவுள் எழுந்து வெளியே போய்விடுவார் என்று அத்தனை திடமாக நம்பியவர்கள்தாம் ஜன்னலைச் சாத்தினார்கள்.