புதினாவில் காய்த்த தக்காளி

ஊழியர் நலனுக்காக உலகத்தில் எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். வேலை நேரத்தைக் குறைத்தவர்கள் உண்டு. சம்பளத்தைக் கூட்டினால் ஊழியர்கள் நன்றாக இருப்பார்கள் என்று வெள்ளை மனத்தோடு நம்பியவர்களும் உண்டு. ஆனால் ஊழியரின் வயிற்றைப் பற்றியே இரவு பகலாக யோசித்தவர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் ஒருவர்தான்.

ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியவர், வந்ததும் வராததுமாகக் கூட்டம் கூட்டினார். அலுவலகத்தில் கிடைக்கிற சின்னச் சின்ன இடங்களில் தின்னத் தகுந்த செடிகளை வளர்த்தால், ஊழியர்களுக்கு உடல் நலமும் பணியில் பற்றும் ஒருசேர விளையும் என்று அறிவித்தார். இடம் எங்கே இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். வெயில் வருகிற ஜன்னல் கிளை முழுக்கத் தேடியும் ஒன்றுதான் அகப்பட்டது. அது சாப்பாட்டு அறையில் இருந்தது. சாப்பாட்டு அறையைச் சாப்பாட்டுக்காகவே ஒதுக்குவதில் என்ன தவறு என்று மேலாளர் கேட்டார்.

மறுநாளே மேஜையும் பெஞ்சும் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. இரும்பு அடுக்குகள் வந்தன. தக்காளி, கீரை, மிளகாய், புதினா என்று தொட்டிகள் வரிசையாக ஏறின. வாசலில் 'ஊழியர் ஊட்ட வனம்' என்று ஒரு பலகை. அதன் கீழே 'உள்ளே உணவு உண்ணக் கூடாது' என்று இன்னொரு பலகை. பருக்கை சிந்தினால் எறும்பு வரும், எறும்பு வந்தால் செடிக்கு ஆகாது. நியாயம்தானே.

ஆளுக்கொரு செடி தத்துக் கொடுக்கப்பட்டது. தினமும் காலையில் அதனிடம் சிறிது நேரம் அன்பாகப் பேச வேண்டும். கணக்காளர் தன் மிளகாய்ச் செடியிடம் நிலுவையில் உள்ள பிரீமியங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். செடி வாடினால் அது வளர்த்தவரின் ஆண்டு மதிப்பீட்டில் ஏறும் என்பதால், பெற்ற பிள்ளையிடம்கூட அவர்கள் அவ்வளவு அன்பு காட்டியதில்லை.

இந்த முன்னேற்றத்தால் மிக அதிகமாகப் 'பயனடைந்தவர்' தபால் பிரிவில் வேலை பார்த்த பெண்மணி. மேலாளரைத் தவிர எல்லோருக்கும் அவர் தபால் அக்கா. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. மதியம் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். தள்ளிப்போனால் கை நடுங்கும், கண் இருட்டும், உயிருக்கே கூட ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வனம் வந்த பிறகு அக்கா தன் மேஜையில் சாப்பிட்டுப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் மெல்லுவது ஒழுங்கு மீறல் என்றார்கள். மாடிப்படியில் உட்கார்ந்தார். யாருடைய காலோ பட்டு டப்பா உருண்டது. கடைசியில் பெண்கள் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே விழுங்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் சோறு தொண்டையில் இறங்காமல் அழுதார். போகப் போகப் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். பழகவில்லை.

அவர் கணவர் தையல்காரர். ஒரு நாள் காஜா எடுத்தபடியே முழுக் கதையையும் கேட்டார்.

"சாப்பாட்டை வளக்குறாங்க, சரி. சாப்பிடுற ஆளை?"

"எனக்குப் புதினா குடுத்திருக்காங்கங்க. அது வாடினா இன்க்ரிமென்ட் போயிடும்."

"நீ வாடினா?"

அதைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை என்றார் அக்கா.

இதற்கிடையில் வனத்தைப் பார்வையிட மண்டல மேலாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. தக்காளிச் செடிகள் பூத்தனவே தவிரக் காய்க்கவில்லை. பூச்சி வரக் கூடாது என்று மேலாளர் ஜன்னலுக்கு வலை அடித்திருந்தார். தேனீயும் பூச்சிதான் என்பதில் அவருக்கு விதிவிலக்கு கிடையாது. கடையிலிருந்து ஒரு கூடை தக்காளி வாங்கி வரச் சொன்னார். பச்சை நூலால் செடிகளில் கட்டும் பொறுப்பு கணக்காளரிடம் போனது. நேர்மைக்குப் பேர்போனவர் அவர். ஒரு செடிக்குக் கொடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்காவிட்டால் தத்தெடுத்தவர்களுக்குள் மனக்கசப்பு வருமே என்று, கூடையைப் பாரபட்சமின்றிப் பங்கிட்டார். கீரைக்கு இரண்டு, மிளகாய்க்கு இரண்டு, புதினாவுக்கும் இரண்டு. புதினா பாரம் தாங்காமல் குப்புறச் சாய்ந்தது. குச்சி நட்டு நிமிர்த்தினார்கள்.

மண்டல மேலாளர் மதியத்துக்கு முன்பே வந்து போய்விடுவார் என்றார்கள். மதியம்வரை வரவில்லை. இனி எங்கே வரப்போகிறார் என்று அக்கா வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தார். அப்போதுதான் கார் வந்து நின்றது. ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் அதன் 'பாதுகாவலர்' புன்னகையோடு நிற்க வேண்டும் என்று மேலாளர் அக்காவைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

மண்டல மேலாளர் புதினாவின் முன் வெகுநேரம் நின்றார்.

"புதினாவுல தக்காளியா?"

"உயர் விளைச்சல் ரகம் சார்," என்றார் மேலாளர்.

மண்டல மேலாளர் மெல்லத் தலையசைத்தார். தெரியாது என்று சொல்லக்கூடிய பதவியைத் தாண்டி வந்து அவருக்குப் பல காலம் ஆகியிருந்தது. பிறகு பேச ஆரம்பித்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்றார். பசித்த வயிறு ஒன்றுகூட இந்தக் கிளையில் இருக்கலாகாது என்றார். அக்காவின் கை நடுங்கியது. முதுகில் வியர்வை இறங்கியது. ஜன்னல் இரண்டாகத் தெரிந்தது. விழுந்துவிடுவோமோ என்று உண்மையிலேயே பயந்துபோனார்.

"சார், ஊசி போட்டாச்சு. நான் உடனே சாப்பிடணும்," என்று மேலாளரின் காதருகே சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். சார் உங்க நலத்தைப் பத்திதான் பேசிட்டிருக்கார்."

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். அக்காவிடமிருந்து முதலில் பறந்தது இன்க்ரிமென்ட். புதினாவிலிருந்த தக்காளியைப் பிடித்து இழுத்தார். நூல் அறாமல் செடியும் குச்சியும் சேர்ந்தே வந்தன. அப்படியே தின்றார். சாறு முழங்கைவரை வழிந்தது. இரண்டாவதையும் தின்றார். பிறகு கீரையில் 'காய்த்திருந்த' இரண்டையும் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கணக்காளர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து வாயில் ஊற்றினார். அக்கா பிழைத்துக்கொண்டார். சேதம் வனத்துக்குத்தான்.

நிர்வாகம் கை கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த வாரமே விசாரணை நடந்தது. மேலாளரே விசாரணை அதிகாரி. தக்காளிகளை இனி நூலுக்குப் பதிலாகக் கம்பியால் கட்ட வேண்டும் என்ற பரிந்துரை முதலில் ஏற்கப்பட்டது. அதன் பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ஊழியர் நலனுக்காக விளையறதை ஊழியரே சாப்பிட்டா என்ன மேடம் அர்த்தம்?"

"சாப்பிடலைன்னா செத்திருப்பேன் சார்."

மேலாளர் அதை மறுக்கவில்லை. அவர் இரக்கமுள்ளவர். எதற்கும் ஒரு முறை உண்டு, ஒரு இடம் உண்டு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பசிச்சது தப்புன்னு யாரும் சொல்லல. ஆனா பசிச்சா சாப்பாட்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கணும் இல்லையா?"

"அங்கதான் சார் நின்னுட்டிருந்தேன்."