கன்னம் மாறிய மச்சம்

கத்தரி ஏந்திய கரத்தோனும், காதோரம் சீப்புச் செருகிய சீராளனும், பல்லாயிரம் தலைகளைக் குனியவைத்தும் ஒரு துளிக் குருதி சிந்தாத அறத்தோனுமாகிய எங்கள் சலூன் வேந்தன் வாழ்க! கடல் கடக்கக் கிளம்பிய அப்பெருவீரன், தன் கன்னத்தில் மிளகளவே இருந்த மச்சத்தில் தடுக்கி விழுந்த கதையைக் கேளுங்கள்.

தூதரகத்திலிருந்து ஓலை வந்தது. அங்க அடையாளம் பற்றிய தகவல் தவறு. ஆகவே விசா மறுப்பு. திருத்தி அனுப்ப ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் பிழை நேர்ந்தால் அக்கரையில் மகள் பெற்றெடுத்த பேத்தியை வீடியோவில் மட்டுமே கொஞ்ச வேண்டும். விண்ணப்பத்தில் இருந்ததோ 'வலது கன்னத்தில் மச்சம்' என்ற ஒற்றை வரி. மச்சமும் இருந்தது, கன்னமும் இருந்தது. தவறு எங்கே?

முதல் சாட்சியாகப் பாஸ்போர்ட் புகைப்படம் களமிறங்கியது. அதில் மச்சம் வலப்பக்கம். அப்படத்தைப் பார்த்தே விண்ணப்பம் நிரப்பிய மைத்துனன், போர்முரசென மேசையைத் தட்டி, தன் கண்ணில் கோளாறில்லை என்று சூளுரைத்தான். எதிரே அமர்ந்து வெங்காயம் உரித்த மனைவியும் நிமிர்ந்து பார்த்து வலப்பக்கமே என்றாள். சலூனின் சுவரளாவிய கண்ணாடி மட்டும், பகைவர் நடுவே தனித்து நின்ற தளபதிபோல், இடப்பக்கம் என்றது.

வேந்தன் நகைத்தான். "கண்ணாடி இடம் வலம் மாத்தித்தான் காட்டும். அதை நம்பி வகிடு எடுத்தா இருக்கிற வாடிக்கையும் ஓடிப்போயிடும்." என்று கூறி, களத்தில் உண்மை பேசிய ஒரே சாட்சியின் சொல்லைத் தலைகீழாக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். நால்வரும் வலது! ஆனால் ஓலையோ தவறு என்கிறது! பவுடர் டப்பா உருண்டது, சுழல்நாற்காலி சுழன்றது, மைத்துனன் மச்சத்தையே எடுத்துவிடலாம் என்று சமாதானம் பேசி, சவரக்கத்தியின் பார்வை தன்மேல் திரும்பக் கண்டு பின்வாங்கினான்.

அப்போது வெங்காயக் கண்ணீரைத் துடைத்தபடி எழுந்தாள் மனைவி. "நீங்க வாடிக்கைக்காரருக்கு முன்னாடி நின்னா வெட்டுறீங்க? பின்னாடிதானே நிக்கிறீங்க? அங்க நின்னாத்தான் உங்க இடது கைப் பக்கம் அவருக்கும் இடது. எதிர்ல நின்னா மாறிப்போகும். போட்டோவும் எதிர்ல நிக்கிற ஆள் மாதிரிதான். உக்காருங்க."

உலகையே உட்காரவைத்த வேந்தன், தன் அரியணையில் முதன்முறையாகத் தான் அமர்ந்தான். பின்னால் நின்ற மனைவி இரு கைகளாலும் அவன் கன்னங்களைப் பற்றினாள். கடிகாரம் மூச்சடக்கியது. மைத்துனன் வாய் பிளந்தான். மச்சம் அவளுடைய இடது உள்ளங்கைக்குள் இருந்தது.

மறுநாள் காலை வேந்தன் 'இடது கன்னம்' என்று திருத்தி அனுப்பினான்; சில வாரங்களில் விசா வந்துவிட்டது.