மூன்றாவது செல்

மெஷினில் வைத்த எட்டு பேட்டரி செல்களில் ஏழு செத்துவிட்டன. மூன்றாம் இடத்தில் இருந்தது மட்டும் சாகமாட்டேன் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஜுஹைனாவுக்குத் தொல்லையே அதனால்தான்.

குற்றாலத்து மங்குஸ்தான் தோலைக் கரியாக்கி, அதை வைத்துச் சட்டைப் பொத்தான் அளவில் பேட்டரி செய்வது அவளுடைய ஆராய்ச்சி. தென்காசிக் கல்லூரி ஒன்றில் இது ஐந்தாவது வருஷம். செல்லுக்குச் சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, எப்போது களைக்கிறது என்று பார்ப்பது மெஷினின் வேலை. ஏழு செல்களும் முந்நூறு தடவையில் தளர்ந்து விழுந்தன. மூன்றாவது, ஐந்நூறைத் தாண்டியும் புதுமாப்பிள்ளை போல இருந்தது.

"ஏழ விட்டுத்தள்ளும்மா. இத மட்டும் எழுது" என்றார் கைடு சுந்தரபாண்டியன்.

எழுதி அனுப்பினாள். ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது: 'அருமை. இதே போல இன்னொன்று செய்து காட்டவும்.' காட்டினால்தான் கட்டுரை வரும். கட்டுரை வந்தால்தான் டாக்டர் பட்டம்.

ஐந்தருவிக்கு பஸ் ஏறினாள். பழக்கடை உலகம்மாளிடம், "அன்னைக்கு வாங்கின அதே பழம் வேணும்க்கா" என்றாள்.

"அத அன்னைக்கே தின்னுட்டியேம்மா."

"பழம் வேண்டாம். தோல்தான் வேணும்."

உலகம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பழத்த விட்டுட்டுத் தோலத் தேடி வாரவள இப்பத்தான் பாக்கேன்" என்றவள், விஷயத்தைப் பக்கத்துக் கடைகளுக்கும் சொல்லிவிட்டாள். மறுநாள் ஆட்டோவில் மூட்டை மூட்டையாகத் தோல் வந்து இறங்கியது. லேப் முழுக்கப் பழ ஈ. புது செல்களும் சரியாக முந்நூறில் செத்தன.

"அந்த செல்லு செஞ்ச அன்னைக்கு ஏசி ரிப்பேர். சாரல் காத்து உள்ள வந்துச்சு. அதுதான் காரணம்" என்று கைடு கண்டுபிடித்தார். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். சாரலில் மூட்டைகள் பூஞ்சை பிடித்து நாறின. அடுத்த செல்களும் முந்நூறில் செத்தன.

இதற்குள் கல்லூரி வாசலில் ஒரு பிளக்ஸ் முளைத்திருந்தது. 'மங்குஸ்தான் தோலில் மகத்தான பேட்டரி!' நடுவில் கைடு ஆளுயரத்துக்குச் சிரித்தார். ஜுஹைனா ஓரத்தில், தபால்தலை அளவில். பஸ் கண்டக்டர்கூட, "நம்ம ஊர்ப் பேட்டரி எப்பம்மா கடைக்கு வரும்?" என்று விசாரித்தார்.

வீட்டில் அவள் முகத்தைப் பார்த்து உம்மா ரஹ்மத்துன்னிசா கவலைப்பட்டாள்.

"ஏட்டி, அந்த நல்ல செல்லு செஞ்ச அன்னைக்கு என்ன தின்னுட்டுப் போன?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் உம்மா?"

"இடியாப்பமும் பாயாவும். நாளைக்கும் அதையே செய்யுதேன்."

விஞ்ஞானம் படித்தவள் சிரித்திருக்க வேண்டும். ஜுஹைனா மறுநாள் அதையே தின்றாள். அந்த செல் செய்த நாளில் போட்டிருந்த பச்சைத் துப்பட்டாவையும் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பாயா ருசியாக இருந்ததுதான் மிச்சம். செல்கள் முந்நூறில் செத்தன.

கைடு கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு போதும்மா. இன்னொண்ணும் அதே மாதிரி வந்துச்சுன்னு எழுதிரு. செத்ததப் பத்தி மூச்சு விடாத."

"சார், அத்தனை செல்லும் ஒண்ணு போலச் சொல்லுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லுது. நாம அந்த ஒண்ண மட்டும் நம்புதோம்."

"அத்தனையும் தப்பா செஞ்சிருக்கம்மா."

"தப்பு இவ்வளவு ஒழுங்காவா சார் வரும்?"

சுந்தரபாண்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜன்னல் வழியே பிளக்ஸில் சிரிக்கும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் எழுதப் போறேன் சார். மூணாவது ஏன் சாகலைன்னு எனக்குத் தெரியலன்னும் எழுதப் போறேன். பட்டம் போனா போகட்டும்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷம் சும்மாவா?

கதவு தட்டப்பட்டது. லேபில் ஜுஹைனாவுக்கு உதவியாக இருந்து, கல்யாணத்துக்கு லீவு போட்டுப் போயிருந்த எம்.எஸ்ஸி. மாணவி அனுசியா, புதுத் தாலியும் லட்டு டப்பாவுமாக உள்ளே வந்தாள். இருவருக்கும் லட்டு கொடுத்துவிட்டு, மெஷினை எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, கல்யாண அவசரத்துல சொல்லாமப் போயிட்டேன்! உங்க மூணாவது செல்லு அன்னைக்கே ஒழுகிக் கெடந்துச்சு. அத எடுத்துப் போட்டுட்டு, மெஷின் சரியா ஓடுதான்னு பாக்கக் கடையில வாங்கின அதே சைஸ் சார்ஜ் பேட்டரிய வச்சேன்லா, அத இப்ப எடுத்துக்கிடட்டா?"