சேற்றுக்குக் காவல்

வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் துன்பத்தைக் கொண்டு வந்தது. என் வீட்டுக்கு மட்டும் விடுமுறையைக் கொண்டு வந்தது. அப்படித்தான் நான் நம்பினேன்.

தெருவில் பெருகிய நீர் கூடத்துக்குள் கணுக்கால் அளவு நின்று, விடிவதற்குள் வடிந்து, வீடு முழுவதும் சேற்றை மெழுகிவிட்டுப் போயிருந்தது. மனைவி ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் வாளியுமாக என்முன் வந்து நின்றாள். நான் மேல்தட்டிலிருந்து வெள்ளக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். சோபாவில் சாய்ந்துகொண்டு, தீர்ப்பு வழங்கும் தோரணையில் வாசித்தேன்: “சேதமுற்ற பொருள்களை, மதிப்பீட்டாளர் பார்வையிடும்வரை அப்புறப்படுத்தலாகாது.”

“அதனால?”

“ஒரு துரும்பும் அசையக் கூடாது. அசைஞ்சா இன்சூரன்ஸ் பணம் அம்பேல்.”

“இந்தச் சேறு?”

“அது ஆதாரம்.”

“நாத்தம்?”

“அதைவிடப் பெரிய ஆதாரம்.”

“நீங்க?”

“ஆதாரத்துக்குக் காவல்.”

அவள் வாதாடவில்லை. அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். பத்திரத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். கைபேசியை எடுத்து அறை அறையாகப் படம் பிடித்தாள். பிறகு பெட்டியைக் கட்டினாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“எங்க அக்கா வீட்டுக்கு. அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஆதாரமாயிடுச்சு. ஆதாரத்துல எப்படிங்க சமைக்கிறது?”

“அப்போ என் சாப்பாடு?”

“காவல்காரருக்குக் கம்பெனி போடாதா? பத்திரத்துல தேடிப் பாருங்க.”

தேடினேன். பத்திரத்தில் சாப்பாடு இல்லை. சமையலறையில் பிஸ்கட் இருந்தது, அதுவும் ஆதாரமாகியிருந்தது.

அடுத்த நாள் சேறு ஓடாகக் காய்ந்தது. அதற்கும் மறுநாள் சோபாவுக்குத் தாடி முளைத்தது. பூஞ்சை! மானத்தை ஒத்திவைத்துவிட்டு மதிப்பீட்டாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“நாளைக் காலையில வர்றேன் சார். உங்க வீட்டம்மா அன்னிக்கே படமெல்லாம் அனுப்பிட்டாங்க. சோபாமேல படுத்திருக்கிறது நீங்கதானே? கவலைப்படாதீங்க, உங்களைச் சேதமான பொருள் கணக்குல சேர்க்கலை.”

“ஒண்ணையும் தொடலை சார். சேறுகூட அப்படியே இருக்கு!” என்றேன் பெருமிதத்துடன்.

“அப்படியேவா? ஐயையோ! அடுத்த வரியைப் படிக்கலையா? பொருளைத் தூக்கிப் போடத்தான் கூடாது. படம் எடுத்ததும் துடைச்சுக் காயவைக்கணும். சும்மா விட்டு வந்த பூஞ்சைக்கெல்லாம் பணம் கிடையாது சார்.”

அடுத்த வரியைப் படித்தேன். அது அங்கேயேதான் இருந்தது.

சுரண்டினேன். கழுவினேன். பிழிந்தேன். அலமாரியை நகர்த்தினேன். எங்கள் கட்டிலுக்கு அடியிலும் தரை இருக்கிறது என்பதைத் திருமணத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டறிந்தேன்.

மாலையில் மனைவி வந்தாள். மின்னுகிற தரையை மூலைவரை பார்வையிட்டாள். மதிப்பீட்டாளர்கூட அப்படிப் பார்வையிட மாட்டார்.

“அடுத்த வரியை நீ அன்னிக்கே படிச்சுட்டியா?”

“படிச்சேங்க.”

“படிச்சும் வாயைத் திறக்கலையே! பணம் போயிருந்தா?”

“மதிப்பீட்டாளர் எப்போ வர்றார்னு கேட்டுட்டுத்தான் கிளம்பினேன். சோபா ஒண்ணுக்குத்தான் பணம் வராது. அதுல படுக்கிறது நானா?”

“அது சரி, அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன?”

“சொல்லியிருந்தா, ரெண்டு பேருமில்ல சேர்ந்து துடைச்சிருக்கணும்!”